மற்றவை

தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டேன்.
ரசீதை மடித்துப் பையில் வைத்தேன். அதுவும் கணக்கு.

படிவத்தில் ஆறு பத்திகள்:
மின்சாரம், போக்குவரத்து, தொழில்,
வேளாண்மை, கழிவு, மற்றவை.
ஒரு நாடு விடும் மூச்சை
ஆறு டப்பாவில் அடைக்கச் சொல்லியிருந்தார்கள்.
எனக்கு வாய்த்தது காரைக்குடி வட்டாரம்.
பதினோரு நாள், நாளுக்கு எழுநூறு ரூபாய்,
பயணப்படி தனி.

மின்சாரம் எளிது என்று நினைத்தேன்.
கழனிவாசல் ஐஸ் கம்பெனியில் ஆரோக்கியம் சொன்னார்:
"நமக்குப் புகைபோக்கியே இல்ல ஆச்சி, எழுதிக்கங்க."
எழுதிக்கொண்டேன்.
அவருடைய புகைபோக்கி தூத்துக்குடியில் நிற்கிறது;
அவர் அதைப் பார்த்ததில்லை.

ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது.
கண்ணாடியில் வண்ணம் ஊற்றி, சிமெண்ட் பூசி,
தொட்டித் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள்.
நெருப்பில்லை என்று குறிக்கப் போனவள்
சாக்கில் அச்சடித்த ஊரைப் படித்துவிட்டேன்.
அரியலூர்.
சுண்ணாம்புக்கல் தன் மூச்சை அங்கேயே விட்டுவிட்டு
மூட்டையாகி வந்திருக்கிறது.

கானாடுகாத்தானில் வாடகைக்கு விட்ட வீட்டில் கல்யாணம்.
மாப்பிள்ளை வீட்டார் முழுக்கச் சிங்கப்பூர்.
லாரியில் ஏற்றிய ஜெனரேட்டர்
மணிக்கு இருபத்திரண்டு லிட்டர் குடிக்கும் என்றார் கனி பாய்,
பெருமையாக.
சரி, அவர்கள் வந்த விமானம்?
எல்லை தாண்டிய பறப்பு எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது,
கையேட்டின் அடிக்குறிப்பு அப்படி.
அண்ணாந்து பார்த்தேன். பர்மாத் தேக்கு உத்தரம்,
நூறு வருடமாக ஒரு காட்டின் கரியைப் பூட்டி வைத்திருக்கிறது.
இது யாருக்கு வரவு என்று கேட்டால்
அலுவலகத்தில் சிரிப்பார்கள்.

கண்மாய்ப் பாசன வயலில் தண்ணீர் நின்ற நாட்கள் எத்தனை?
"நின்னாத்தானே எண்ணுறதுக்கு."
வேளாண்மை முடிந்தது.
குப்பைக்கிடங்கில் மாடுகள் மட்டும் இருந்தன.
மாட்டின் ஏப்பம் ஒரு பத்தி, அது மேய்ந்த குப்பை ஒரு பத்தி.
நடுவில் நின்று பேனாவைக் கடித்தேன்.

ஒன்பதாம் நாள், சூரக்குடி தாண்டி,
சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டிருந்தார் சாத்தையா.
அவர் பெண்சாதி சேது மண்மேட்டின் மேல் நடந்து
வெடித்த இடத்தையெல்லாம் ஈரமண்ணால் அப்பினாள்.
அப்பிய இடத்துக்கு ஒரு முழம் தள்ளி
புகை எழுந்து நின்றது.

காட்டழிப்பா? இதை யாரும் காடென்று ஒப்புக்கொள்வதில்லை.
எரிபொருளா? இங்கே எரியவில்லை, வேகிறது.
தொழிலா? பலகைகூட இல்லை.
போன் போட்டேன்.
"மற்றவையில போடுங்க மேடம். ஆனா
மற்றவை அஞ்சு சதவீதம் தாண்டக் கூடாது."

சேது கேட்டாள்:
"இந்தப் புகை எம் பேர்ல ஏறுமா,
கரி வாங்கி மெட்ராஸுல கோழி சுடுறவுக பேர்ல ஏறுமா?"

நான் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

பத்தாம் இரவு லாட்ஜில் கூட்டிப் பார்த்தேன்.
நாட்டின் கோடு வலப்பக்கம் ஏறிக்கொண்டே போகிறது,
நோய் வந்து கதவடைத்த ஆண்டில் மட்டும் ஒரு பள்ளம்.
என் பத்து நாளைச் சேர்த்தேன். கோடு அசையவில்லை.
புள்ளிக்குப் பின்னால் ஏழாம் இடத்தில்
ஐஸ் கட்டி, கல்யாண டீசல், மண்மேடு;
முழு எண்ணாக்கு என்ற கட்டளையில்
பூஜ்யம்.

பற்றும் வரவும் ஓரணா உதைத்தால்
ராத்தூக்கம் போகும் குடும்பத்தில் பிறந்தவள் நான்.
இங்கே எதுவும் உதைக்கவில்லை.
எல்லாம் நேர். அதுதான் தூங்க விடவில்லை.

ரசீதை எடுத்தேன்.
போக்குவரத்து, இருசக்கரம், இருநூற்று எழுபது கிலோமீட்டர்,
கணக்கெடுக்க வந்தவள்.
பிறகு, யாரும் கேட்காமலே,
மற்றவைக்கு எதிரே சேது என்று அடித்தேன்.
சிவப்பில் வந்தது:
எண்களை மட்டும் உள்ளிடவும்.

நாளைக்குப் புதுவயல். அரிசி ஆலைகள்.
உமிக்கு எந்தப் பத்தி என்று
இன்னும் தெரியவில்லை.